தாராவித் தோல் கடைக்கு இணையதளம்

கேள்வி: மும்பையின் தாராவியில் தோல் பை தைத்து விற்கும் சிறு கடைக்குச் சொந்த இணையதளம் தேவையா?

பதில்: தேவை. சயான்-பாந்திரா இணைப்புச் சாலையின் தோல் கடைகளுக்கு வாடிக்கையாளர் தாமே தேடி வருகின்றனர் என்றாலும், திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து குடிபெயர்ந்த தமிழர் வேரூன்றச் செய்த இத்தொழிலில், பையைத் தைத்தவர் யார் என்பது வாங்குபவருக்குப் பெரும்பாலும் தெரியாமலே போகிறது. 2014-இல் மேகா குப்தா தொடங்கிய ‘தாராவி மார்க்கெட்’ என்னும் இணையச் சந்தை அப்பகுதிக் கைவினைஞரின் பொருள்களை விற்பனைக்கு வைத்தது பாராட்டத்தக்க முயற்சியே. ஆயினும் பொதுச் சந்தையின் வழி வரும் வாடிக்கையாளர் சந்தையை நினைவில் கொள்வாரேயன்றிக் கடையை அன்று.

தளத்தின் முகவரியாகிய டொமைன், ஒரே முறை விலை கொடுத்து வாங்கப்படுவதன்று, காலந்தோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கப்படுவது. ஆதலால் அப்பதிவு, தளம் அமைத்துத் தருபவரின் பெயரில் அல்லாமல் கடை உரிமையாளரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் இருப்பது மிகவும் இன்றியமையாதது, இல்லையேல் இருவருக்கும் பிணக்கு நேரும்போது முகவரியே கைவிட்டுப் போகக்கூடும். தமிழ் எழுத்தில் ‘.இந்தியா’ என முடியும் முகவரியும் உண்டு. ஹோஸ்டிங், அதாவது தளத்தின் பக்கங்களை ஓயாது இயங்கும் கணினியில் வைத்திருக்கும் வாடகைச் சேவை, படமும் விலையும் காட்டும் சிறு தளத்துக்கு எளியதே போதும். பணம் பெறும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே தளத்தில் இணைக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் எண்ணும் யுபிஐயும் தொடக்கத்தில் போதுமானவை.