இதய நோயாளரும் இரத்தத் தட்டணுக்களும்

சீவிய மரத்தில் பால் வடிவதும், சில மணி நேரத்தில் அது தானே நின்றுவிடுவதும் நம் வாசகர்கள் நாள்தோறும் காண்பவை. வெட்டிய இடத்தில் பால் உறைந்து குழல்களை அடைத்துவிடுகிறது. நம் உடலிலும் இதனையொத்த செயல் நிகழ்கிறது. உளி பட்டுக் கையில் காயம் ஏற்பட்டால், இரத்தத் தட்டணுக்கள் விரைந்து வந்து ஒன்றோடொன்று ஒட்டிக் காயத்தை அடைக்கின்றன.

இத்தட்டணுக்கள் எலும்பு மச்சையில் தோன்றி, 7 முதல் 10 நாள்கள் வரை வாழ்கின்றன. ஒரு மில்லிமீட்டரை 1,000 கூறாக்கினால், அவற்றுள் 2 அல்லது 3 கூறே ஒரு தட்டணுவின் அகலமாகும்.

காயத்தை அடைக்கும் இந்நற்பணியே சில வேளைகளில் உயிருக்கு ஆபத்தாகிறது. இதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயில் படிந்த கொழுப்பு வெடிக்கும்போது, தட்டணுக்கள் அங்கும் திரண்டு அடைத்துக்கொள்கின்றன. மாரடைப்பு ஏற்படுவது பெரும்பாலும் இவ்வாறே.

தட்டணுக்கள் யாவும் ஒரே பருமன் உடையன அல்ல. பெரியவை எளிதில் ஒட்டும் இயல்புடையவை. மாரடைப்புற்றோரிடம் இவற்றின் சராசரிப் பருமன் கூடியிருப்பதை மருத்துவர்கள் கண்டுள்ளனர். அவ்வாறாயின், மருந்து உண்டால் தட்டணுக்கள் சிறுத்துவிடுமா?

அப்படிக் கருதுதல் தவறு. தட்டணுவின் பருமன் பெரிதும் எலும்பு மச்சையில் அது உருவாகும்போதே அமைகிறது. அஸ்பிரின், குளோப்பிடோகிரெல் போன்ற மாத்திரைகள் அதன் ஒட்டும் தன்மையைத்தான் தடுக்கின்றன. பாலில் அமோனியா சேர்த்தால் பால் குறைவதில்லை, உறையாமல் இருக்கிறது. அதுபோன்றதே இதுவும். அஸ்பிரின் செயற்படும் வழியை 1971-இல் விளக்கிய ஜான் வேன் என்னும் அறிஞர், 1982-இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரானார்.

ஆகவே, இரத்தச் சோதனைத் தாளில் தட்டணுவின் பருமன் மாறவில்லை என்று கண்டு, மருந்து பயன்தரவில்லை என எண்ணலாகாது. சோதனைக் குழாயில் இரத்தம் நெடுநேரம் இருந்தாலும் தட்டணுக்கள் உப்பிப் பெரிதாகத் தோன்றுவதுண்டு.

இங்கே நாம் மனத்திற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. நாள்தோறும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தட்டணுக்கள் புதியனவாகத் தோன்றுகின்றன. அவை மருந்து படாதவை. மாத்திரையை நிறுத்தினால் சில நாள்களிலேயே ஒட்டும் ஆற்றல் திரும்பிவிடும். நெஞ்சுவலி நீங்கிற்று என்று தாமாகவே மருந்தை நிறுத்துவோர் மீண்டும் மாரடைப்புக்கு ஆளாகலாம். இதயக் குழாயில் ஸ்டென்ட் எனும் கம்பிவலைக் குழல் பொருத்தப்பட்டோர்க்கு இவ்வாபத்து மிகுதி.

இம்மருந்து உண்போர்க்குச் சிறு காயத்திலும் இரத்தம் சற்று நேரம் கூடுதலாகக் கசியும். காயத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்தல் வேண்டும். மலம் கறுத்துப் போனாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். பல் பிடுங்குமுன்னும், டெங்கிக் காய்ச்சல் என ஐயமுற்றபோதும், தாம் உண்ணும் மாத்திரையை மருத்துவரிடம் தவறாது கூறுதல் வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை மற்றவர் உண்ணலாகாது.

மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் பொறுப்பு. நாள் தவறாது உண்பது நம் பொறுப்பு.