க்யூஆர் கோடு மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் அறக்கட்டளையின் மாலை நேர இலவச வகுப்புக்கு ஆன்லைனில் நிதி திரட்ட நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது? – ஒரு வாசகி, தேனி

பதில்: முதலில், பணம் எதற்கு என்று சொல்லுங்கள். ‘கல்விக்கு உதவுங்கள்’ என்றால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் நோட்டுக்கும் சுண்டலுக்கும் என்ன செலவாகிறது என்று எழுதுங்கள். மிலாப், கீட்டோ போன்ற தளங்கள் அவசரச் சிகிச்சைக்குக் கைகொடுக்கும். உங்களுக்குத் தேவை மாதாமாதம் வரும் சிறுதொகை. அதற்கு க்யூஆர் கோடு மட்டும் போதாது; மாதாமாதம் தானாகப் பணம் வர யுபிஐ ஆட்டோபே இருக்கிறது. பணம் அறக்கட்டளைக் கணக்குக்கே போகட்டும், யாருடைய சொந்த எண்ணுக்கும் வேண்டவே வேண்டாம். நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் பதிவு இருந்தால், அதற்கான நன்கொடைச் சான்றிதழை அவருக்குத் தவறாமல் அனுப்புங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தரும் பணத்தை எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். பிள்ளைகளின் முகத்தைக் காட்டிப் பரிதாபம் தேட வேண்டாம். அவர்கள் போட்ட கணக்கைப் படமெடுத்துப் போடுங்கள்.