கிளப்புக்குக் கிளைடர் தேடும்போது

பயிற்சிக் கிளைடர் வாங்கலாம் என்று கிளப்பில் பேச்சு எழுந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனைக்கு ஒன்று?" ஒரு கிலோமீட்டர் உயரம் இழப்பதற்குள் எத்தனை கிலோமீட்டர் மிதந்து போகும் என்ற கணக்கு. மரம், இரும்புக்குழாய், துணியால் ஆன பழைய ஏஎஸ்கே-13க்கு அது சுமார் 28. கண்ணாடி இழையில் செய்த ஏஎஸ்கே-21க்கு 34. இங்கிலாந்தில் நான் சொல்லிக்கொடுக்கும் கிளப்பிலும் இந்த எண்களை வைத்துத்தான் வாக்குவாதம். தரையிலிருக்கும் வின்ச் கம்பியால் இழுத்து ஆயிரத்துச் சொச்சம் அடியில் விடும் மாணவர், ஒரு வட்டம் அடித்து ஐந்தாறு நிமிடத்தில் இறங்கிவிடுகிறார். அவருக்கு 34 எதற்கு?

நான் குனிந்து சக்கரத்தைத்தான் பார்ப்பேன். நாள் முழுக்கத் தொப்பென்று தரையில் போடப்படும் வண்டி அது. உதிரி பாகம் எத்தனை நாளில் வரும், பழுது பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று விசாரிப்பேன். முன் இருக்கைக்குக் குறைந்தபட்ச எடை உண்டு. ஒல்லியான பள்ளிப் பிள்ளைகள் வருகிற கிளப்பென்றால் ஈயக்கட்டிகளை எங்கே, எப்படிப் பொருத்துவது என்பதும் முக்கியம். பின் இருக்கையில் நானே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிடுவேன். விலைப்பட்டியலில் முதுகுவலி இருக்காது.

அதிகம் யோசிக்க வேண்டியது ஸ்பின், அதாவது கிளைடர் சுழன்றபடியே கீழே விழுவது. ஏஎஸ்கே-21 லேசில் ஸ்பின்னில் விழாது. புதிதாக வருபவருக்கு அது வரம். ஆனால் அதிலேயே பழகியவர், எளிதில் சுழலக்கூடிய வேறொரு கிளைடரில் தனியாக ஏறும்போது அந்த நல்ல குணமே வினையாகிவிடும். வாலில் எடை சேர்த்து அதையும் சுழல வைக்கலாம். போலந்தின் புஹாச் கிளைடர் தயங்காமல் சுழலும். பாடம் அதில் நன்றாக ஏறும், பயிற்றுநரும் கவனமாக இருக்க வேண்டும். பணம் இருந்தால் இரண்டும் வேண்டும் என்பேன்.

இரண்டு வகை வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், செக் நாட்டு உலோகக் கிளைடர் பிளானிக் எல்-13. 2010-ல் ஆஸ்திரியாவில் ஒன்றின் இறக்கை பறக்கும்போதே முறிந்தது. உலோகச் சோர்வுதான் சந்தேகம். உலகெங்கும் அந்த வகை தரையில் நிறுத்தப்பட்டது. அதை மட்டுமே நம்பியிருந்த கிளப்புகளில் பயிற்சியும் நின்றது.

அடுத்தது, தனியாகப் பறக்கத் தொடங்குபவரை எதில் ஏற்றுவது? ஏஎஸ்கே-21-இல் பழகியவருக்கென்றே அதைத் தயாரித்த நிறுவனம் ஒற்றை இருக்கை ஏஎஸ்கே-23-ஐச் செய்தது. இரண்டையும் சேர்த்தே விலை பேசுங்கள். அதற்கு முன் ஹேங்கர் கதவை அளந்துவிடுங்கள். ஏஎஸ்கே-21-இன் இறக்கை முனைக்கு முனை 17 மீட்டர்.