வீடு குளிரும்... கரன்ட் பில்லும் குறையும்!

* மொட்டை மாடித் தளத்தில் பங்குனிக்குள் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். தளம் வெயிலை உறிஞ்சுவது குறையும். கீழே உள்ள அறைகளில் இரவுப் புழுக்கமும் தணியும்.

* மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கமாக மூங்கில் தட்டி கட்டுங்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரைச்சீலையால் முழுதாகத் தடுக்க முடியாது.

* வெயில் ஏறும் முன் ஜன்னல்களைச் சாத்துங்கள். பொழுது சாய்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டால் காற்று ஊடுருவிச் செல்லும்.

* சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேனுக்குச் சுமார் 30 வாட் போதும். தினமும் 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனிலேயே ஏறக்குறைய 32 யூனிட் மிச்சம்.

* ஏ.சி.யை 26 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாகச் சுழல விடுங்கள். ஃபில்டரில் தூசி சேரவிடாதீர்கள்.

* ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் சுலபமாக வந்துவிட்டால், ரப்பர் தளர்ந்திருக்கலாம். துடைத்துப் பாருங்கள், சரியாகாவிட்டால் மாற்றுங்கள்.

* டி.வி., செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் மட்டும் அணைக்காமல் சுவிட்சையும் அணையுங்கள்.

செலவே இல்லாத குறிப்புகளை இன்றே தொடங்குங்கள். பழைய ஃபேன் பழுதாகும்போது புதிய வகைக்கு மாறிக்கொள்ளலாம்.