எக்ஸ்இ ஆக்கியதும் நிரல் தடுமாறுகிறதா?

பைத்தானில் எழுதிய நிரல் உங்கள் கணினியில் நன்றாக ஓடுகிறது. பைஇன்ஸ்டாலர் கொண்டு எக்ஸ்இ கோப்பாக்கிக் கொடுத்ததும் ‘கோப்பைக் காணோம்’ என்கிறது; அல்லது ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொள்கிறது. உடனே நிரலின் வரிகளில் கைவைக்க வேண்டாம். பெரும்பாலும் வரிகளில் பிழை இருக்காது; அவை ஓடும் இடம் மாறியிருக்கும்.

பைஇன்ஸ்டாலர் உங்கள் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவதில்லை. பைட்கோடு (பைத்தான் தனக்குள் வைத்துக்கொள்ளும் இடைநிலை வடிவம்), பைத்தான் இயக்கி, நூலகங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கட்டுகிறது. ஒன்ஃபைல் முறையில் (எல்லாம் ஒரே கோப்பாக), நிரலைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டு ஒரு தற்காலிகக் கோப்புறையில் பிரிக்கப்படுகிறது; நிரலை மூடியதும் அந்தக் கோப்புறை அழிக்கப்படுகிறது. நிரல் ‘நான் இருக்கும் இடம்’ என்று நினைப்பது அதைத்தான். நேற்று சேமித்த அமைப்புகள் இன்று காணாமல் போவதற்கு இதுவே காரணம்.

ஆகவே படிக்கும் கோப்பையும் எழுதும் கோப்பையும் பிரித்துவிடுங்கள். படங்கள், வார்ப்புருக்கள் போன்றவற்றை ‘ஆட்-டேட்டா’ விருப்பத்தின் மூலம் கட்டில் சேர்த்து, நிரலின் கோப்புறையிலிருந்து முழுப் பாதை அமைத்துப் படியுங்கள். பயனர் சேமிப்பவை அவருடைய ஆப்டேட்டா கோப்புறைக்குப் போகட்டும்.

சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும் நிரலை முதலில் பேச வைக்க வேண்டும். ஒன்டிர் முறையில் (பிரித்த கோப்புறையாக), கன்சோலுடன் கட்டி, கட்டளைச் சாளரத்திலிருந்து இயக்குங்கள். பிழைச் செய்தி கண்ணில் படும். கன்சோல் இல்லாத கட்டில் மட்டுமே பிழை வந்தால், வெளியீட்டுப் பாதையே அங்கு இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதில் நேரடியாக எழுத முயலும் நூலகங்கள் விழுந்துவிடும்.

‘தொகுதி இல்லை’ என்று வந்தால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, நிரலை ஓட்டும் அதே மெய்நிகர் சூழலில்தான் (திட்டத்துக்கென்று தனியாக நிறுவிய பைத்தான்) கட்டுகிறீர்களா? இன்னொன்று, ஓடும்போது பெயரைச் சரமாகக் கொடுத்து இறக்குமதி செய்யும் தொகுதிகளைப் பைஇன்ஸ்டாலரால் ஊகிக்க முடியாது. அவற்றை ‘ஹிடன்-இம்போர்ட்’ விருப்பத்தில் நீங்களே சொல்ல வேண்டும். பில்ட் கோப்புறையிலுள்ள எச்சரிக்கைக் கோப்பில் நீண்ட பட்டியல் இருக்கும். அஞ்ச வேண்டாம், பெரும்பாலானவை உங்களுக்குத் தேவைப்படாதவை. பட்டியல் முழுவதையும் கட்டில் திணிப்பது கோப்பைப் பெருக்குமே தவிர நோயைக் காட்டாது.

விண்டோஸில் ஒரு சாளரம் பலவாகப் பெருகிக்கொண்டே போனால் மல்ட்டிபிராசசிங்கை (வேலையைப் பல செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டும் நூலகம்) சந்தேகியுங்கள். முதன்மைப் பகுதியின் தொடக்கத்தில் ‘ஃப்ரீஸ் சப்போர்ட்’ அழைப்பு இருக்க வேண்டும். வேறொரு பைத்தான் கோப்பை நிரலுக்குள்ளிருந்து இயக்க முயல்வோருக்கும் இதே தொல்லை வரலாம். அங்கே ‘இயக்கி’ என்று கிடைப்பது பைத்தான் அல்ல, உங்கள் எக்ஸ்இ.

மாதக்கணக்கில் ஒழுங்காக இருந்த ஒன்டிர் கட்டு கருவியைப் புதுப்பித்ததும் கெட்டதா? 2023இல் வந்த பைஇன்ஸ்டாலர் 6.0 பதிப்பிலிருந்து துணைக் கோப்புகள் ‘இன்டர்னல்’ என்ற உட்கோப்புறைக்குள் போகின்றன. எக்ஸ்இக்குப் பக்கத்தில் தேடும் பாதைகளைத் திருத்துங்கள்.

வைரஸ் தடுப்பான் தடுக்கிறது என்றால், அதை அணைக்கும்படி பயனரிடம் சொல்லாதீர்கள். ஒன்டிர் கட்டாகக் கொடுத்துப் பாருங்கள். பலருக்குப் போகும் நிரல் என்றால் டிஜிட்டல் கையொப்பம் இடுங்கள். தவறான எச்சரிக்கை என்பதைத் தடுப்பான் நிறுவனத்துக்கே தெரிவியுங்கள்.