தத்திகோ என்னும் அக்கார்டியன் வித்துவான்

மேலை இந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய இஸ்பானியோலாவின் கீழ்பாகமே தொமினிக்கன் குடியரசாம். அதன் வடபால் சிபாவோ என்னும் செழும்பள்ளத்தாக்கு உளது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு விளையும் புகையிலையைக் கொள்ளவந்த ஜெர்மானிய வணிகர் கொணர்ந்த பண்டங்களுள் அக்கார்டியனும் ஒன்று. குடியானவர் அதுகாறும் மீட்டிவந்த நரம்புக்கருவிகளை விடுத்து அதனையே மெரெங்கே என்னும் தம் ஆடலிசைக்குக் கைக்கொண்டனர். கற்றோர் பலர் இதனை இழிவென்றனர். நம் நாட்டிலும் அதன் உறவாகிய ஆர்மோனியம் 1940 முதல் பல்லாண்டுகள் அகில இந்திய வானொலியினின்றும் விலக்கப்பட்டிருந்ததன்றோ!

இக்கருவியின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். இதன் ஒரே பொத்தான், துருத்தியை அமுக்குங்கால் ஒரு சுரத்தையும் இழுக்குங்கால் வேறொரு சுரத்தையும் தரும். ஆதலின் விரல் மட்டும் தேர்ந்தாற் போதாது; விரைந்த இசையின் நடுவே, துருத்தி எப்பக்கம் செல்கின்றதென்பதைக் கையும் மறவாதிருத்தல் வேண்டும். உடன் ஒலிப்பன, ஒருபுறம் கோலாலும் மறுபுறம் கையாலும் முழக்கப்பெறும் தம்போரா என்னும் முரசும், சுரண்டி ஒலியெழுப்பும் குயிரா என்னும் உலோகக் குழலுமாம்.

தத்திகோ என்றழைக்கப்பெற்ற தொமிங்கோ கார்சியா என்ரீக்கெஸ் 1943 இல் நாகுவா என்னும் கடற்கரையூரிற் பிறந்தார். பேத்ரோ ரெய்னோசோ என்னும் புகழ்பெற்ற வித்துவான் இறந்தபின், அவர்தம் மூவர்குழுவில் அவ்விடம் இவ்விளைஞருக்குக் கிட்டியது. சர்வாதிகாரி துருகியோ 1961 இற் கொலையுண்டபின் நாட்டுப்புறத்தார் நகரங்களை நோக்கிப் பெருகிவந்தனர். நகரத்து ஆடரங்கிற்குச் சிற்றூர்க் குழுவின் ஒலி போதாது. பின்னர்த் தமக்கெனக் குழு அமைத்த தத்திகோ, சாக்சபோன், காங்கா முரசு, மின்விசையால் இயங்கும் பாஸ் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டார். இதனால் மரபு கெட்டதென்று யாம் கருதவில்லை. குழு பெருகியும் அக்கார்டியனே தலைமை தாங்கியது. ஏனையவை அதன்வழி நின்றன.

1976 இல், சந்தியாகோ நகரில் நிகழ்ந்த மோட்டார் விபத்தில் அவர் உயிர்துறந்தார். அப்போது அவருக்கு வயது 32. அவர் பிறந்த அதே 1943 இற் பிறந்த ஃபெஃபீத்தா என்னும் மாதரசியோ, ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட அக்கருவியை ஏந்தி, அவர் மறைந்தபின்னும் பல பதின்ஆண்டுகள் அரங்கேறினார். ஒருவருக்கு நெடிய வாழ்வு. மற்றவருக்கு ஒலித்தட்டுக்களே எஞ்சின. பின்வந்த வாசிப்போர் அத்தட்டுக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டே அவர்தம் விரற்போக்கைக் கற்றனர்.