டேலைட் டியூபில் புடவைப் படம்

படத்தில் அரக்கு, பார்சலில் மெரூன். இணையத்தில் புடவை விற்பவர்கள் அடிக்கடி கேட்கிற புகார் இது. பழி கேமராவுக்குப் போகும். குற்றம் பெரும்பாலும் விளக்கில் இருக்கும்.

இன்று புதிதாக வாங்குகிறவர்கள் எல்இடிக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் நான்கு டியூப் பெட்டியும் 85 வாட் சுருள் சிஎஃப்எல்லும் பல சின்ன ஸ்டுடியோக்களில் இன்னும் எரிகின்றன. மட்டமான சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. 1987-ல் வந்த 'பார்ஃப்ளை' படத்துக்கு ஒளிப்பதிவு ராபி முல்லர். இடுக்கான அறைகளில் பெரிய விளக்குகள் நுழையவில்லை. விளக்குக் குழுவின் தலைவர் ஃப்ரீடர் ஹோச்ஹைம் சோக்கைப் பிரித்துத் தள்ளி வைத்துவிட்டு டியூபை மட்டும் சுவரில் ஒட்டினார். 'கினோ ஃப்ளோ' விளக்குகள் பிறந்த கதை அதுதான்.

செய்ய வேண்டியவை

• டியூபின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்க எண்ணைப் படியுங்கள். 865 என்றால் 6500 கெல்வின். முன்னால் உள்ள 8, நிறங்களைக் காட்டும் திறன் நூற்றுக்கு எண்பதுகளில் இருப்பதைச் சொல்கிறது. வீட்டு விளக்குக்கு அது போதும், பட்டுக்குப் போதாது. 950 அல்லது 965 தேடி வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாம் டேலைட்தான் சார்" என்பார். கெல்வின் கணக்கில் அவர் சொல்வது சரி, நிறத்தின் தரத்தில் இல்லை.

• எலக்ட்ரானிக் சோக் போடுங்கள். பழைய செம்புக் கம்பி சோக்கில், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், டியூப் நொடிக்கு நூறு முறை மங்கி எரிகிறது. 1/250-ல் எடுத்தால் படத்தில் பாதி மஞ்சளடித்து, பாதி இருண்டு வரும். எலக்ட்ரானிக் சோக்கில் இந்தத் துடிப்பு நொடிக்கு இருபதாயிரத்துக்கும் மேல் என்பதால் கேமராவுக்குத் தெரியாது. மாற்ற வழியில்லையா? ஸ்டாண்டில் வைத்து 1/50-ல் எடுங்கள். புடவை எங்கும் ஓடிவிடாது.

• விளக்கைப் போட்டுவிட்டுப் புடவை மடிப்பைச் சரி செய்யுங்கள். சுருள் சிஎஃப்எல் முழு வெளிச்சத்துக்கும் நிலையான நிறத்துக்கும் வரச் சில நிமிடம் ஆகும்.

• சாம்பல் அட்டையைப் புடவை இருக்கும் இடத்திலேயே வைத்து, ஒயிட் பேலன்ஸைக் கையால் அமையுங்கள். கேமராவில் உள்ள 'வெயில்' குறியை நம்பினால் மெல்லிய பச்சை தங்கிவிடும். அட்டைக்குப் பதில் வெள்ளை வேட்டியை வைக்கும் வழக்கம் உண்டு. சலவைத்தூளிலும் சொட்டு நீலத்திலும் ஊறிய வெள்ளை வெள்ளையே அல்ல.

• பெட்டியைப் பக்கவாட்டில், புடவைக்கு நெருக்கமாக வையுங்கள். எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல். பிறகு ஒருவர் விளக்கை மெல்ல நகர்த்த, நீங்கள் கேமராவின் இடத்தில் நின்று முந்தானையைப் பாருங்கள். ஓரிடத்தில் சரிகை பழுப்பாகச் செத்துக் கிடக்கும். சற்றுத் தள்ளினால் வெள்ளைத் திட்டாகும். இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் பொன்னிறம் எழும். விளக்கை அங்கே நிறுத்துங்கள்.

செய்யக்கூடாதவை

• ஜன்னல் வெளிச்சம், கூரை டியூப், பூஜையறை மஞ்சள் பல்பு எதையும் சேர்க்காதீர்கள். கிளிப்பச்சைச் சுவர் பக்கத்தில் இருந்தால் அதுவும் ஒரு விளக்கே. பழைய டியூபோடு புதிதைக் கலப்பதும் கூடாது. மாற்றினால் பெட்டி முழுவதையும் மாற்றுங்கள்.

• ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் வேண்டாம். சிவப்புப் புடவையைப் பார்த்ததும் கேமரா அதை ஈடுகட்டப் பார்க்கும். அடுத்த படத்தில் நிறம் வேறு.

• கருஞ்சிவப்பு வகைகளில் கண்ணை மூடிக்கொண்டு படத்தை நம்பாதீர்கள். சாதாரண மூவண்ணப் பாஸ்பர் டியூப், வெயில் போல எல்லா நிறங்களையும் தொடர்ச்சியாகத் தருவதில்லை. அதன் சிவப்பு பெரும்பாலும் 611 நானோமீட்டர் அருகே குவிகிறது. அதற்கு அப்பாலுள்ள ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. அரக்கும் வாடாமல்லியும் அதைத்தான் கேட்கின்றன. விளக்கில் இல்லாத நிறத்தைக் கணினியில் வரவழைக்க முடியாது. ஜன்னலோரம் வைத்து ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் அந்தப் புடவையை மட்டும் நிழலான திண்ணையில் எடுத்துவிடுங்கள். மாம்பழ மஞ்சளுக்கும் இளநீலத்துக்கும் இத்தனை பாடு இல்லை.

• டிம்மரில் மாட்டாதீர்கள். வெளிச்சம் அதிகமென்றால் இரண்டு டியூபை அணையுங்கள், அல்லது பெட்டியைத் தள்ளி வையுங்கள்.

• "85 வாட், ஆனால் 400 வாட்டுக்குச் சமம்" என்ற அட்டைப்பெட்டிக் கணக்கை நம்பி ஓடும் குழந்தையைப் படமெடுக்கக் கிளம்பாதீர்கள். அதற்கு ஃப்ளாஷ்.

• சுருளைப் பிடித்துத் திருகாதீர்கள், அடிப்பகுதியைப் பிடியுங்கள். உடைந்தால் துடைப்பமோ வாக்குவம் கிளீனரோ கூடாது. உள்ளே பாதரசம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். பிறகு கெட்டி அட்டையால் வாரி, தூளை ஒட்டும் நாடாவில் ஒற்றி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். அதைக் குப்பை வண்டியில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

• டியூப்களை வாங்கிக் குவிக்காதீர்கள். மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-ல் எடுத்த முடிவின்படி, பொது வெளிச்சத்துக்கான ஃப்ளூரசன்ட் விளக்குகளின் தயாரிப்பும் ஏற்றுமதி இறக்குமதியும் 2027 முடிவுக்குள் நிற்க வேண்டும். நல்ல 950 கிடைத்தால் கையிருப்புக்கு ஒரு செட் போதும். அது தீரும்போது பெட்டியையும் கொடுத்துவிடலாம்.